கழற்சிக்காய்: விதையை மட்டும் அறிந்தவர்கள் செடியைப் பற்றிக் கேட்பவை

பல்லாங்குழிப் பெட்டியிலோ நாட்டுமருந்துக் கடைப் பொட்டலத்திலோ சாம்பல் நிறக் கழற்சிக்காயைப் பார்த்திருப்பீர்கள். அது காய்க்கும் செடியின் முன்னால் நின்றவர்கள் குறைவு. பள்ளிப் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் மணல்மேட்டுச் செடிகொடிகளைக் காட்டுவது என் பல வருடப் பழக்கம். தாழை, அடும்பு எல்லாவற்றையும் தாண்டி, திரும்பத் திரும்பக் கேள்வி வருவது இந்த முள் புதரைப் பற்றித்தான். பிள்ளைகளும், கூட வரும் பெற்றோரும், வீட்டுக்குப் போனபிறகு போன் செய்பவர்களும் கேட்டவற்றை இங்கே பதிலோடு எழுதி வைக்கிறேன்.

கழற்சிக்காய் என்பது காயா, கொட்டையா?

விதை. நாம் கையில் வைத்திருப்பது காய்க்கு உள்ளே இருப்பது. உண்மையான காய் ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் நீளத்தில், தட்டையாக, உடம்பெல்லாம் கூர் முள்ளோடு முள்ளம்பன்றிக் குட்டி போல இருக்கும். முற்றிக் காய்ந்ததும் வாய் பிளக்கும். உள்ளே ஒன்றோ இரண்டோ விதை, அபூர்வமாக மூன்று. விதை ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். வழவழப்பாக, ஈயச் சாம்பல் நிறத்தில், உற்றுப் பார்த்தால் மேல் ஓட்டில் மெல்லிய வளையக் கோடுகள் தெரியும்.

செடியை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

முதலில் உங்கள் சட்டை கண்டுபிடிக்கும். தண்டிலும் இலைக்காம்பின் அடிப்பக்கத்திலும் பின்னோக்கி வளைந்த கொக்கி முட்கள். கையை உள்ளே விடும்போது தெரியாது, இழுக்கும்போதுதான் மாட்டும். மாட்டிக்கொண்டால் உதறாதீர்கள். வந்த வழியே கையை மெல்ல முன்னே தள்ளிப் பின் எடுங்கள்.

தானாக நிமிர்ந்து நிற்காத புதர் இது. பக்கத்தில் மரம் இருந்தால் முள்ளால் பற்றி அதன்மேல் ஏறிவிடும், இல்லாவிட்டால் தன்மேலேயே சரிந்து குவியும். இலை பெரியது, சிறகுக்குள் சிறகாகப் பிரிந்தது, வாகை இலையைப் பெரிதாக்கியது போல. பூ மஞ்சள், கொத்தாக வரும். இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் பார்த்தால் குட்டி இலை போன்ற ஒரு துணுக்கு இருக்கும். இலையடிச் செதில் என்பார்கள். அது இருந்தால் கழற்சிதான் என்று தைரியமாகச் சொல்லலாம்.

இதற்கு என்னென்ன பெயர்கள்?

கழற்சி, கழிச்சிக்காய், கெச்சக்காய் என்று நம் ஊர்களில் சொல்வார்கள். மலையாளத்தில் கழஞ்சி, தெலுங்கில் கச்சக்காய. வடமொழியில் குபேராட்சி, குபேரனின் கண். ஆங்கிலத்தில் நிக்கர் என்கிறார்கள். கோலிக் குண்டுக்கான டச்சுச் சொல்லோடு சேர்ந்தது அது. ஆக, பெயர் வைத்தவர்களுக்கும் இது விளையாட்டுச் சாமானாகத்தான் தெரிந்திருக்கிறது.

அறிவியல் பெயர் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறதே, எது சரி?

ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் வைத்த பெயர் கிலாண்டினா பாண்டக். அப்புறம் சோழமண்டலக் கரையிலும் கல்கத்தாவிலும் வேலை பார்த்த தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் அதைச் சீசல்பினியா என்ற பேரினத்துக்குள் (நெருங்கிய இனங்களின் கூட்டம்) கொண்டுவந்தார். நம் மூலிகைப் புத்தகங்கள் எல்லாம் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டன. 2016-இல் மரபணு ஒப்பீட்டின்படி சீசல்பினியாவைப் பல பேரினங்களாகப் பிரித்தபோது கழற்சி பழையபடி கிலாண்டினாவுக்கே திரும்பிவிட்டது. இரண்டு பெயரில் எதைப் பார்த்தாலும் செடி ஒன்றுதான்.

அவரை, துவரை குடும்பம் என்கிறார்கள், நம்பவே முடியவில்லையே?

காயைப் பிளந்து பாருங்கள், நம்பிக்கை வரும். இரு மடலாகத் திறந்து, ஒரு பக்க ஓரத்தில் விதை ஒட்டியிருக்கும். மொச்சைக்கும் அதே அமைப்புதான். ஆனால் பயறு வகையோடு இதற்கு நெருக்கம் குறைவு. கொன்றையும் மயில்கொன்றையும் இதற்குக் கிட்டத்துச் சொந்தம்.

அப்படியானால் வேரில் முடிச்சு இருக்குமா, மண்ணுக்குத் தழைச்சத்து தருமா?

தோட்டக்காரர்கள் கேட்கும் கேள்வி. பயறு குடும்பம் என்றாலே வேர்முடிச்சு என்று பள்ளியில் படித்துவிட்டோம். குடும்பத்தில் எல்லாருக்கும் அந்த வரம் கிடைக்கவில்லை. சீசல்பினியா கூட்டத்துச் செடிகள் பொதுவாக முடிச்சுப் போடுவதில்லை. மணலில் தழைச்சத்து சேர்க்கும் பயறு வேண்டுமென்றால், அதே கடற்கரையில் ஊதாப் பூவோடு படரும் கடற்கரை அவரையைப் பாருங்கள், அதற்கு முடிச்சு உண்டு. கழற்சி மண்ணுக்குச் செய்யும் உபகாரம் வேறு மாதிரி. அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கடற்கரையில் எந்த இடத்தில் வளரும்?

அலையிலிருந்து உள்நோக்கி நடந்துகொண்டே பாருங்கள். அலை நனைக்கும் ஈரமணலில் எதுவும் இல்லை. அதைத் தாண்டியதும், உப்புக் காற்றும் பறக்கும் மணலும் நேராக அடிக்கும் இடத்தில், தரையோடு படுத்துப் படரும் கொடிகள் ஆரம்பிக்கும். ஆட்டுக்குளம்பு போன்ற இலையோடு அடும்பு, பந்துபந்தாக உருளும் முள்தலையோடு இராவணன் மீசைப் புல், இடையிடையே கடற்கரை அவரை. இவைதான் மணலை முதலில் பிடித்து நிறுத்துபவை. பிடித்த மணல் மேடாகிறது. மேட்டின் முதுகைத் தாண்டி இறங்கும்போது காற்று கொஞ்சம் தணியும். அங்கே தாழை, சங்கஞ்செடி, எருக்கு இவற்றோடு கழற்சிப் புதர் நிற்கும். அதற்கும் பின்னால் புன்னை, பூவரசு, புங்கு என்று மரங்கள் தொடங்கும்.

கொடிக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்கும் இந்த வரிசையைத்தான் நான் பிள்ளைகளை நிறுத்தி வைத்துக் காட்டுவேன். கொடி மணலின் மேல்பரப்பைத்தான் பிடிக்கும். முதுகு தாண்டி வரும் மணலை வடிகட்டி நிறுத்துவது இந்தப் புதர்வரிசை. முன்னால் நிற்கும் கழற்சிக் கிளை பாதி மணலில் புதைந்து, மீதி மேலே தழைத்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆடு மாடு நுழையாத முள் என்பதால் அதன் மடியில் புன்னைக் கன்று, பூவரசங்கன்று எல்லாம் கடிபடாமல் வளரும். கீரி உள்ளே போகும், செம்பூத்து அடியிலேயே நடந்து திரியும். பத்தடி அகலப் புதருக்குள் ஒரு தெருவே குடியிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

எங்கள் ஊர் கடலிலிருந்து வெகு தூரம். இங்கேயும் இருக்கிறதே?

இருக்கும். ஆற்றோரம், வேலியோரம், கரட்டுக் காடு என்று உள்நாட்டிலும் வளரும். மனிதர்கள் வேலிக்கும் மருந்துக்கும் கொண்டுபோனதும் ஒரு காரணம். ஆனால் உலகம் முழுக்க வெப்பமண்டலக் கடலோரங்களில் ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா, பசிபிக் தீவுகள் என்று ஒரே செடி பரவியிருக்கிறது என்றால், அந்த வேலையைச் செய்தது கடல்தான்.

கடலில் மிதந்தே வேறு நாட்டுக்குப் போகுமா?

போகும். விதையின் உள்ளே பருப்பு முழு இடத்தையும் அடைப்பதில்லை. மீதி இடத்தில் காற்று. ஓடோ தண்ணீரே புகாத அளவு கெட்டி. இரண்டும் சேர்ந்தால் படகு. பல வருடம் மிதந்தாலும் உள்ளே உயிர் கெடாது. வீட்டில் ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். எல்லா விதையும் மிதக்காது, உள்ளே வெற்றிடம் குறைந்தவை மூழ்கிவிடும். மிதப்பவைதான் தூரதேசம் போகிறவை.

எனக்குப் பிடித்த கதை அயர்லாந்துக் கதை. அந்த நாட்டின் மேற்குக் கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒரு விதையை யாரோ எடுத்து விதைத்து வளர்த்து, செடியின் படத்தை இங்கிலாந்தின் இயற்கை ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். படத்தில் இருந்தது சந்தேகமில்லாமல் கழற்சி. தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன் இதை 1818-இல் எழுதி வைத்தார். கழற்சி காய்க்கவே முடியாத குளிர்நாடு அது. கரீபியன் பக்கத்திலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து வந்த விதை, வந்து சேர்ந்தபிறகும் முளைக்கும் தெம்போடு இருந்திருக்கிறது. கடல் ஒரு செடியைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுசேர்க்கும் என்பதற்கு அந்தக் காலத்தில் கிடைத்த நல்ல சாட்சி இது.

ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளில் இப்படி ஒதுங்கும் விதைகளை மொலுக்கா அவரை என்று அழைத்தார்கள். கண்ணேறு படாமலிருக்கக் குழந்தைகளின் கழுத்தில் கட்டினார்கள். எங்கிருந்து வந்தது என்றே தெரியாத விதையைத் தெய்வம் அனுப்பியதாக நினைத்திருப்பார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

பல்லாங்குழி தவிர வேறு என்ன விளையாட்டு?

பழையது கழங்காட்டம். ஐந்தோ ஏழோ விதையைத் தரையில் போட்டு, ஒன்றை மேலே எறிந்து, அது விழுமுன் கீழே கிடப்பதை வாரிக்கொள்வது. பின்னால் கூழாங்கல் அதன் இடத்தைப் பிடித்துத் தட்டாங்கல், சொட்டாங்கல், ஏழாங்கல் என்று ஊருக்கொரு பெயரானது. எங்கள் பள்ளியில் இன்னொன்றும் உண்டு. விதையைச் சிமெண்டுத் தரையில் வேகமாகத் தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைப்பது. நல்ல சூடு ஏறும். அதற்கு வாங்கிய அடியும் நினைவிருக்கிறது.

பல்லாங்குழி விஷயத்தில் நான் முதலில் கேட்டபோது நம்பாத ஒன்று: ஆண்டிகுவா, பார்படோஸ் போன்ற கரீபியன் தீவுகளில் வாரி என்று ஒரு குழி ஆட்டம் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்டவர்கள் கொண்டுபோன ஆட்டம். பலகையில் இரண்டு வரிசைக் குழிகள், குழிக்கு நாலு விதை. அந்த விதை இதே கழற்சிக்காய். நம்மைப் பார்த்து அவர்களோ, அவர்களைப் பார்த்து நாமோ ஆடவில்லை. கடற்கரையில் இந்தச் செடி இருந்தது, குழியில் போட இதைவிடக் கைக்கு வாகான விதை கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

சங்க இலக்கியத்தில் வரும் கழங்கு இதுதானா?

அகராதிகள் அப்படித்தான் பொருள் தருகின்றன. சங்கப் பாடல்களில் கழங்கு இரண்டு வகையாக வரும். பெண்கள் மணலிலும் திண்ணையிலும் ஆடுவது ஒன்று. பொன்னால் செய்த கழங்கும் பேசப்படுகிறது, அது வசதிக்காரர் வீட்டுச் சாமானாக இருந்திருக்கும். இன்னொன்று, முருகன் பூசாரியான வேலன் கழங்கு போட்டுக் குறி பார்ப்பது. மகள் ஏன் மெலிந்துபோனாள் என்று தாய் கேட்பாள், அவன் விதையை உருட்டி, முருகன் பிடித்திருக்கிறான் என்பான். உண்மைக் காரணம் காதல் என்பது தோழிக்குத் தெரியும்.

கழஞ்சு என்ற எடைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, அந்தப் பெயரே இந்த விதையின் பெயர்தான். சோழர் காலத்தில் பொன் நிறுத்த கணக்கு: 2 குன்றி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நகைகளின் எடை இந்த அளவுகளிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. குன்றிமணி, மஞ்சாடி, கழற்சி மூன்றுமே பயறு குடும்பத்து விதைகள். மூன்றுமே ஓடு கெட்டியானவை, மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சி எடை கூடாதவை. பொன் நிறுக்கிறவருக்கு வேறென்ன வேண்டும்!

பிசிஓடிக்கு (சினைப்பை நீர்க்கட்டிக்கு) கழற்சிக்காய்ப் பொடி சாப்பிடலாமா?

செடி காட்டப் போனாலும் பெண்கள் தனியாக அழைத்துக் கேட்பது இதைத்தான். அதனால் சுருக்கமாக முடிக்காமல் சொல்கிறேன்.

சித்த மருத்துவத்தில் கழற்சிப் பருப்பை மிளகோடு சேர்த்துப் பொடித்துக் கொடுக்கும் வழக்கம் பழையது. வீக்கம், விரைவாதம் (ஆண்களின் விதைப்பை வீக்கம்), காய்ச்சல், மாதவிடாய்க் கோளாறு என்று பல நோய்க்குச் சொல்லியிருக்கிறார்கள். நாக்கில் வைத்தால் அரை நாள் போகாத கசப்பு. நவீன ஆய்வுகள் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலும் எலிகளிடமும் நடந்தவை. அவற்றில் சர்க்கரையைக் குறைக்கும், வீக்கத்தைத் தணிக்கும் என்ற தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அதை வைத்துக்கொண்டு "சினைப்பை நீர்க்கட்டி கரைந்தே போகும்" என்று விற்பது நியாயம் இல்லை. எலியில் பார்த்தது வேறு, உங்கள் உடம்பு வேறு.

நான் சொல்வது இவ்வளவுதான்: பதிவு பெற்ற சித்த மருத்துவரைப் பார்த்து, ஸ்கேன் அறிக்கையைக் காட்டி, அவர் சொல்லும் அளவில் எடுங்கள். கருத்தரித்திருந்தாலோ, கருத்தரிக்க முயன்றுகொண்டிருந்தாலோ தானாகத் தொடவே வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உங்கள் மருத்துவரிடம் சொல்லாமல் சேர்க்காதீர்கள், சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கலாம்.

ஆண்களுக்கும் ஒன்று. விரை வீக்கத்துக்குக் கழற்சி இலையை வதக்கிக் கட்டும் வழக்கம் உண்டு. திடீரென்று வலியோடு வீங்கினால் கட்டுப்போட்டுக் காத்திருக்காதீர்கள். விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் அதைக் காப்பாற்ற முடியாது. கூச்சப்பட்டு வீட்டிலேயே வைத்துக்கொண்டு இழந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

மலேரியாவுக்குக் கொடுத்தார்களாமே?

ஆமாம். 1868-இல் வந்த இந்திய மருந்து நூலில், விட்டு விட்டு வரும் முறைக்காய்ச்சலுக்கு இதைச் சேர்த்திருந்தார்கள். மலேரியா மருந்தான குவினைனின் விலை அதிகமாக இருந்த காலம். இன்று மலேரியாவுக்கு நல்ல மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. அதையே சாப்பிடுங்கள்.

இந்தச் செடியை நம்பி வாழும் உயிர் ஏதாவது உண்டா?

தூரத்து உதாரணம் ஒன்று என் மனதை விட்டுப் போவதில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா கடற்கரையில் மியாமி நீலம் என்று நகக்கண் அளவு வண்ணத்துப்பூச்சி. 1992-இல் ஆண்ட்ரூ புயல் அடித்தபிறகு அது அழிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். 1999-இல் பாஹியா ஹோண்டா என்ற பூங்காவில் ஒரு சிறு கூட்டம் கண்ணில் பட்டது. அங்கே அதன் புழுக்கள் தின்றுகொண்டிருந்தது கழற்சியின் தளிரையும் மொட்டையும். வெளியிலிருந்து வந்து பெருகிய பச்சை இகுவானா என்ற பெரிய பல்லிகளும் அதே தளிரைத் தின்னத் தொடங்கின. 2010 வாக்கில் அந்தப் பூங்காவில் இருந்த கூட்டம் காணாமல் போனது. 2012-இல் அருகிவரும் உயிரினமாக அறிவித்தார்கள். வேறு சில ஆளில்லாத் தீவுகளில் இன்னும் இருக்கிறது.

நம் கடற்கரைக் கழற்சியில் என்னென்ன புழு, எத்தனை வண்டு என்று யாராவது ஒரு வருடம் உட்கார்ந்து பார்த்து எழுதினால் நான் மிகவும் சந்தோஷப்படுவேன். கல்லூரி மாணவர்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால், வாருங்கள், புதர் எங்கே என்று காட்டுகிறேன்.

முள் புதரை வெட்டிவிட்டுச் சவுக்கு வைத்தால் கடற்கரைக்குப் பாதுகாப்புத்தானே?

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையெங்கும் சவுக்கு வைத்தார்கள். அந்த பயத்தில், அந்த அவசரத்தில் செய்ததைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சவுக்கு சீக்கிரம் வளரும், விறகாகும், காற்றைத் தடுக்கும். ஆனால் பல இடங்களில் மணல்மேட்டைச் சமப்படுத்தி, அடும்பையும் கழற்சியையும் வழித்தெடுத்துவிட்டு வைத்தார்கள். சவுக்கின் உதிர்ந்த ஊசிகள் மெத்தை போல மூடிக்கொண்டால் கீழே வேறு எதுவும் எளிதில் தலைதூக்காது. அலைக்கு மிக அருகே வைத்த இடங்களில், ஜனவரி முதல் முட்டையிட ஏறிவரும் பங்குனி ஆமைக்கு மணலும் இல்லாமல் போகிறது.

மேடுதான் முதல் அரண். அதைச் செடிகள் கட்டுகின்றன, தினம் தினம், மணல் மணலாக. ஆகவே சவுக்கு வைப்பதானால் பின்னால் தள்ளி வையுங்கள். முன்னால் இருப்பதை முள் என்று வெட்டாதீர்கள். கடலோர மண்டல விதிகளில் மணல்மேடு காக்கப்பட வேண்டிய பகுதி என்றே இருக்கிறது. மேட்டை வெட்டிச் சமப்படுத்தும் இயந்திரத்தைப் பார்த்தால் புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

வேலிக்கு வைக்கலாமா?

இடம் தாராளமாக இருந்தால் வையுங்கள், மாடும் திருடனும் தாண்டமாட்டார்கள். சின்ன வீட்டுத் தோட்டத்தில் வேண்டாம். இரண்டு வருடத்தில் பக்கத்து வீட்டுத் துணிக்கொடி வரை போய்விடும், சண்டை வரும்.

வைத்தேன், பூக்கிறது, காய்க்கவில்லை. ஏன்?

இந்தச் செடியில் பூக்கள் ஆண், பெண் என்று தனித்தனியாகவே வேலை செய்கின்றன. பெரும்பாலும் ஒரு செடி ஒரு பக்கம்தான். உங்களிடம் இருப்பது ஆணாக இருக்கலாம், துணையில்லாத பெண்ணாகவும் இருக்கலாம். வேறு விதையிலிருந்து இன்னும் மூன்று நான்கு கன்று வைத்தால் வாய்ப்பு அதிகம்.

மஞ்சள் நிறக் கழற்சிக்காய் ஒன்று கண்டெடுத்தேன். பழுக்காததா?

பழுத்ததுதான். அது இன்னொரு இனம், கிலாண்டினா மேஜர். செடியும் முள்ளும் அச்சு அசலாக இருக்கும். முன்னே சொன்ன இலையடிச் செதில் மட்டும் இருக்காது.

விதையை எப்படி முளைக்க வைப்பது?

அப்படியே ஊன்றினால் வருடக்கணக்கில் கல் மாதிரி கிடக்கும். தண்ணீர் உள்ளே போக வழி செய்ய வேண்டும். விதையின் தொப்புள் இருக்கும் முனையை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்தை அரத்தாலோ சொரசொரப்பான கல்லிலோ தேயுங்கள். சாம்பல் நிறம் போய், உள்ளே வெளிறிய பருப்பு ஊசிமுனை அளவு தெரிந்ததும் நிறுத்துங்கள். சுத்தியல் வேண்டாம், பருப்பு நசுங்கும். ஒரு நாள், இரண்டு நாள் தண்ணீரில் ஊறவிட்டால் விதை நன்றாகப் பருக்கும். பருக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் தேயுங்கள். மணல் கலந்த மண்ணில் ஒரு விரற்கடை ஆழத்தில், வெயில் படும் இடத்தில் ஊன்றுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது.

பாட்டி காலத்துப் பல்லாங்குழி விதை இப்போது முளைக்குமா?

தேய்த்துப் பாருங்கள். காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே கலகலவென்று தனியாக உருளுவதும் உண்டு, அதனால் செத்தது என்று அர்த்தம் இல்லை. எங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தவை என் அம்மாவுக்கு அவர் அம்மா கொடுத்தவை, கைபட்டுக் கைபட்டுக் கண்ணாடி போல ஆகியிருந்தன. மனசே இல்லாமல் ஐந்தை எடுத்துத் தேய்த்தேன். மூன்று அழுகின. இரண்டு முளைத்து, பையில் ஒரு சாண் வளர்ந்ததும் மணல்மேட்டுக்குப் பின்சரிவில் கொண்டுபோய் வைத்தேன். ஒன்றை ஆடு தின்றுவிட்டது. மற்றது இப்போது தாழைமேல் ஏறியிருக்கிறது, இன்னும் பூக்கவில்லை.